ஆள்காட்டிக் குருவியின் கத்தல்

ஒரு சின்னக் கதை சொல்றேன்... கேட்டுட்டு, சண்டைக்கு வரணும்னா அப்புறம் வாங்க.

சகாயராஜ்னு ஒரு தம்பி. லீவு கிடைச்சா போதும், கேமராவைத் தூக்கிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பிருவாரு. சம்சாரம் செலினுக்கு அஞ்சாவது மாசம். இவரு பையை எடுத்தாலே அது கத்தும். "சரி தாயி, இந்தத் தடவை நீயும் வா"ன்னு கடலோரப் புல்வெளிக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

சித்திரை வெயில். தூரத்துல ஒரு வெளிமான் கூட்டம், முறுக்குக் கொம்போட. அப்படியே மெல்ல மெல்ல இந்தப் பக்கம் மேய்ஞ்சு வருது. இவரு கேமராவை நட்டு வச்சுட்டு மூச்சைப் பிடிச்சு நிக்கிறாரு... அப்பப் பார்த்து ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது பாருங்க! மான் அத்தனையும் ஒரே பாய்ச்சல். போச்சு.

வந்ததே கோபம் நம்ம ஆளுக்கு. "வீட்டுலயும் கத்தல், இங்கயும் கத்தலா?"ன்னாரு.

செலின் முகம் சுண்டிப்போச்சு.

இவரு குருவியை அடிக்கக் குனிஞ்சு, காலடியில கிடந்த கல்லை எடுத்தாரு. எடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு. ஏன்?

அது கல்லு இல்லைய்யா... முட்டை!

அந்தக் குருவி கூடு கட்டாது. வெறுந்தரையில, கல்லோட கல்லா முட்டையிடும். இவ்வளவு நேரமும் தாய்க்குருவியை முட்டை மேல நிழலா உட்கார விடாம, அந்த வெயில்ல அதை வேக வச்சுக்கிட்டு நின்னது யாரு? இவருதான்! பதறிப்போய் முட்டையை இருந்த இடத்துலயே வச்சுட்டு, செலின் கையைப் பிடிச்சு தூரமா நகர்ந்தாரு. குருவி ஓடி வந்து முட்டை மேல உட்கார்ந்துச்சு. கத்தல் நின்னுபோச்சு.

அந்தக் குருவியையே பார்த்துட்டு இருந்தவரு, செலின் பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டாரு: "நீ எதுக்கு செலின் கத்துற?"

ஒரு வருஷமா அது கத்துது... அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்குறாரு.

செலின் தலை குனிஞ்சு சொல்லுச்சு: "போன தடவை கரு கலைஞ்சப்ப நீங்க ஊர்ல இல்லைங்க... நீங்க பையை எடுத்தாலே எனக்கு வயித்தைப் பிடிச்சுக்கத் தோணுது."

இப்பச் சொல்லுங்க... உங்க வீட்டுலயும் ஒரு கத்தல் இருக்கா? அம்மாவோ, பொண்டாட்டியோ, வயசுக்கு வந்த மகளோ... "எப்பப் பாரு கத்தல்"னு நாமளும் கல்லைத் தேடுறோம். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் தள்ளி நின்னு, "எதுக்கும்மா கத்துற?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நிஜமாவே கேளுங்கய்யா... நாம மிதிக்கப் போற இடத்துல அவங்க எதையோ வச்சிருக்காங்க.