பத்தரை மணிக்குக் கரையேறச் சொன்ன முனியாயி

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வேளாண்மை அலுவலர் அவர்களே, நடவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இருளாண்டி அவர்களே! பாசன சங்கத் தலைவன் ஆத்மநாதன் பேசுகிறேன். மூன்று நாளாக அழுது தீர்த்துவிட்டேன். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது கோபம்தான்.

வாசலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் பார்த்தீர்களா? ‘நடவுக் குழுத் தலைவி முனியாயி அம்மையார் இயற்கை எய்தினார்’ என்று அச்சடித்திருக்கிறோம். யாரை ஏமாற்ற? ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்காத உடம்பு. பகல் பன்னிரண்டே கால் மணிக்கு, நட்டுக்கொண்டிருந்த வயலிலேயே குப்புற விழுந்தார். தொட்டுத் தூக்கியவர்களின் கை சுட்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன் உயிர் போய்விட்டது. அவரைக் கொன்றது வெயில்! இதைச் சொல்ல நமக்கு ஏன் வாய் வரவில்லை?

இது புரட்டாசி மாதம் ஐயா! மழை இறங்கியிருக்க வேண்டிய மாதத்தில் சித்திரை வெயில் அடிக்கிறது. ராத்திரியில்கூடச் சுவர் ஆறுவதில்லை. பெய்தாலோ ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டி, நட்டதை அடித்துக்கொண்டு போகிறது. கேட்டால், காலம் கெட்டுப்போச்சு என்கிறோம். காலம் தானாகவா கெட்டது? நிலக்கரியை எரித்தோம், டீசலை எரித்தோம், காட்டை அழித்தோம். அந்தப் புகை வானத்தில் தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதிகம் எரித்தவை பெரிய நாடுகளும் பெரிய ஆலைகளும். குளுகுளு அறையில் மாநாடு கூட்டிப் பேசுகிறவர்களும் அவர்களே. செத்தவர் யார்? வீட்டில் ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் தவிர வேறெதுவும் இல்லாத முனியாயி! இது எந்த ஊர் நியாயம்?

மூன்று வருஷத்துக்கு முன் நடவுக் குழுவில் இருக்கும் செல்வராணி, அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறாரே, வயலில் மயங்கி விழுந்தார். காத்து கருப்பு அடித்துவிட்டது, வேப்பிலை அடியுங்கள் என்றோம். முனியாயி கத்தினார்:

“ஏங்க, ஒங்களுக்கெல்லாம் கூறு இருக்கா? மேலு கொதிக்குது, காத்தாம் கருப்பாம்! தூக்குங்க இங்கிட்டு. தண்ணிய ஊத்துங்க!”

செல்வராணி பிழைத்தார். மறுவாரமே முனியாயி சங்கக் கூட்டத்துக்கு வந்தார். “வெடிய அஞ்சுக்கு எறங்குறோம். பத்தரைக்குக் கரையேறிருவோம். மிச்சத்தச் சாயங்காலம் நாலுக்கு மேல நட்டுத் தாரோம். ஒங்க நடவும் கெடாது, எங்க உசுரும் போகாது” என்றார். ஆபீசர் அம்மாவுக்கு டைம் வேணுமாம் என்று எத்தனை பேர் சிரித்தோம்! அவர் அசரவில்லை. பத்தரை ஆனால் முப்பது பெண்களும் கரையேறினார்கள். மூன்று வருஷம் ஒருவர்கூட மயங்கவில்லை. வைக்கோலைக் கொளுத்தாதீர்கள், மடக்கி உழுங்கள் என்று வரப்பு வரப்பாக நின்று சண்டை போட்டவரும் அவர்தான். நாம் கேட்டோமா?

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஏன் உச்சி வெயிலில் வயலில் நின்றார்? விதியா? ஆயுசு அவ்வளவுதானா? வெட்கமில்லாமல் அப்படிச் சொல்லாதீர்கள்! அது என் வயல். பத்தரைக்குக் கரையேறியவரை வரப்பில் மறித்து, “பத்து முடி நாத்துதான் மிச்சம் முனியாயி, நட்டுட்டுப் போயிரு” என்றேன்.

“தண்ணியில போட்டு வச்சா சாயங்காலம் வரைக்கும் நாத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“அப்ப அடுத்த நடவுக்கு வெளியூர் ஆளக் கூப்பிட்டுக்கிறேன்.”

அவர் கரையேறி நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். முப்பது பேர் பிழைப்பு. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் மறுபடி சேற்றில் இறங்கினார். நான் மோட்டார் கொட்டகைக்குள் மின்விசிறிக்கடியில் படுத்திருந்தேன். கொஞ்சம் ஒதுங்க நிழல்? வரப்பில் நின்ற புங்க மரத்தை, அறுவடை மிஷின் இறங்க வழி வேண்டுமென்று போன வருஷம் வெட்டியவனும் நான்தான். உயிரோடு இருந்தவரை ‘ஏ முனியாயி’ என்றவன், இன்று மைக்கைப் பிடித்து ‘அம்மையார்’ என்கிறேன். என்னைவிடக் கேடுகெட்டவன் உண்டா?

இனி இந்தக் கண்மாய்ப் பாசனத்தில் பத்தரையிலிருந்து சாயங்காலம் நாலு வரை யாரும் சேற்றில் நிற்கமாட்டார்கள். நிறுத்து என்று செல்வராணி சொன்னால் வேலை நிற்கும், நிலத்துக்காரன் பேச்சு எடுபடாது. வைக்கோலைக் கொளுத்துகிறவனுக்குத் தண்ணீர் முறை கிடையாது. வரப்பெல்லாம் மரம் வரும், முதல் குழியை என் வயலில் நானே வெட்டுகிறேன்.

மாரடைப்பு என்று எழுதிவிட்டால் யாருக்கும் வம்பில்லை என்று என் காதைக் கடித்தவர்கள் இந்தப் பந்தலில்தான் இருக்கிறீர்கள். இருளாண்டி கேட்டது ஒன்றே ஒன்று: “எம் பொஞ்சாதி எதனால செத்தாங்கிறத உள்ளபடி எழுதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

எழுதிவிட்டேன் இருளாண்டி! ‘ஆத்மநாதன் ஆகிய நான் மிரட்டி இறக்கியதால், என் வயலில், கடும் வெயிலில் வேலை செய்தபோது முனியாயி இறந்தார்.’ இதோ, கீழே என் கையெழுத்து. நாளை காலை இதை அதிகாரிகளிடம் கொடுக்கிறேன். அன்று பக்கத்து வயல்களில் நின்று பார்த்தவர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது. எழுந்து வாருங்கள்.