ஒரு ஆளுக்குப் பொங்குவது

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம். தென்காசியிலிருந்து அங்கே போன பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை வச்ச புளிக்குழம்பு வெள்ளிக்கிழமதான்க்கா நல்லாருக்கு" என்று தங்கை சொன்னதும் என் காது அவர்கள் பக்கம் போய்விட்டது.

"அன்னன்னைக்குப் பொங்க மாட்டியாட்டி?"

"காலம்பற அடுப்பு ஊதிட்டு தையல் பள்ளிக்கூடத்துக்கு ஓட முடியுமா? ஒரு ஆளுக்குத்தானே. வாரத்துக்கும் சேத்து வச்சு தெனமும் ராத்திரி சுட வைக்கேன். சுண்டச் சுண்ட ருசி."

"உன் மாப்பிள்ளைக்கு இப்படி ஊத்துனா சும்மா இருப்பாவளா?"

"பழைய குழம்புன்னு சட்டியோட என் மேல வீசினாவளே, மறந்துட்டியா?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இப்போ திருந்திட்டாவ. குத்தாலத்துல உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காவ."

"அருவியில குளிக்கன்னுதானே என்னையக் கூட்டிட்டு வந்தே?"

தங்கை எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். மேலகரத்தில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டாள்.

"ஏட்டி, நான் அவுககிட்ட என்ன சொல்ல?" என்று அக்கா ஜன்னல் வழியே கத்தினாள்.

தென்காசிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவ ஒரு ஆளுக்குப் பொங்கப் படிச்சிட்டான்னு சொல்லு."