தராசில் வைக்காத எடை

காரைக்குடியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காத எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு நகைப் பத்தரும், வானியல் ஆராய்ச்சிக்காக மறுபடி வெளிநாட்டுக்கு விமானம் ஏறப்போகிற அவர் மகளும். பெட்டி காலடியில் இருந்தது.

“தராசுல வைக்காம எடை சொல்றவன நான் பட்டறைக்குள்ளயே விட மாட்டேன்” என்று அவர் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

“அம்புட்டு தூரத்துல கேலக்ஸி நடுவுல இருக்க கருந்துளைய எந்தத் தராசுலப்பா வைக்க? அதச் சுத்தி விழுற வாயுவுல இருந்து எக்ஸ்ரே வரும். அது சட்டுச் சட்டுன்னு கூடிக் கொறஞ்சா கருந்துளை எடை கம்மி. நிதானமா கூடிக் கொறஞ்சா கனம் ஜாஸ்தி.”

“சரியா இருக்குமா?”

“ரெண்டு மூணு மடங்கு தப்பலாம். அதையும் சேத்துத்தான் எழுதுவோம்.”

“ஒரு குன்றிமணி எடை தப்புனாலே என்னைய அடிக்க வந்துருவாக.”

இருவரும் சிரித்தார்கள். குன்றக்குடி மலை தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

“போன புதுசுல தெனம் ரெண்டு தடவ போன்ல பேசுன. அப்புறம் வாரத்துக்கு ஒருக்க. இப்ப மாசம் ஆயிருது.”

“வேலைப்பா.”

“கொற சொல்லலத்தா. நீ சொன்ன கணக்குப்படி பாத்தா, அங்குட்டு உனக்கு மனசு ரொம்பக் கனமா இருக்கும்போல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பத்தூரில் பஸ் நின்றபோது அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க நெனைக்கிறீகளே, அதுக்கு மூணு மடங்கு இருக்கும்ப்பா.”