ஒருநாளும் லீவு போடாத பொண்ணு

அந்தக் கட்டில் வேணாம்மா, இப்படி என் கட்டில்ல வந்து உக்காருங்க. அது மேல கெடக்கற துணியெல்லாம் என்னோடதுதான், வைக்க எடமில்லாம அங்க குவிச்சு வச்சிருக்கேன். மூட்டப்பூச்சி வேற. வார்டனம்மாகிட்ட போய்ச் சொன்னா, மெத்தைய உங்க வீட்டுலேருந்து நீங்கதானே சுருட்டிக் கொண்டாந்தீங்க, பூச்சியும் உங்க வீட்டுதுதாங்குது. சீ, இதெல்லாம் ஒரு காலேஜுன்னு வெளில சொல்லிக்க முடியல.

உங்க பொண்ணு அமுகேயா? சொல்றேம்மா. மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க, கொதிக்க வச்சதுதான். விடியறதுக்கு முன்னாடி உங்க ஊரு கூமியில பஸ் ஏறி, இங்க ஜிஞ்சா வரைக்கும் மடியில அந்த ஜாடிய வச்சுக்கிட்டே வந்தீங்களா? என்னது, கடலையும் எள்ளும் அரைச்சதா? ஐயோ, எனக்கு வேணாம்மா. இல்ல இல்ல, வெக்கமெல்லாம் இல்ல, பசியே இல்ல. அவளுக்குன்னு கொண்டாந்தது, மூடி வைங்க.

இங்க என்ன போடறாங்கன்னா கேக்கறீங்க? இந்த டெர்ம்ல பன்னெண்டு வாரமா மத்தியானமும் ராத்திரியும் மக்காச்சோளக் களியும் பீன்ஸும்தான். பீன்ஸ்ல பாதி வண்டு. மொத வாரம் ஒவ்வொண்ணாப் பொறுக்கி வெளில போட்டோம். அடுத்த வாரம் தட்டு ஓரமா ஒதுக்கி வச்சோம். இப்பல்லாம் பாக்காம முழுங்கிடறோம். மனுஷ ஜென்மம் எதுக்கும் பழகிடுது பாத்தீங்களா, வண்டக் காட்டிலும் அதுதான் எனக்குக் குமட்டுது.

படிப்பு மட்டும் என்ன வாழுதாம்? நாளைக்கு நாங்கல்லாம் டீச்சருங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படிப் பாடம் நடத்தணும்னு எங்களுக்கு ஒரு பாடம். அத நடத்தற வப்விரே சாரு ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம்தான் தலையக் காட்டுவாரு. மத்த நாளெல்லாம் மக்கிப் போன ஒரு நோட்ட கிளாஸ் லீடர் ஓகிரோர்கிட்ட குடுத்து அனுப்பிடுவாரு. அவன் போர்டுல எழுதுவான், நாங்க பாத்து எழுதுவோம். ஒரு நாளு அதுல, இந்த வருஷம் அரசாங்கம் புதுசாக் கொண்டாந்த திட்டம்னு ஒரு வரி வந்துச்சு. எந்த வருஷம்டான்னு பாத்தா, நான் பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி. அதையும் எழுதிக்கிட்டோம். இப்ப கடைசி ரெண்டு வாரம் சாருக்குப் பேய் புடிச்சிருக்கு. காலைல ஏழு மணிக்கு கிளாஸு, சனிக்கெழம கிளாஸு, ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸு. மொத்த டெர்மையும் ரெண்டு வாரத்துல வாயில திணிச்சா எவளுக்கு எறங்கும்?

ஆனா ஒண்ணு, வாத்தியாரு வராட்டியும் அட்டெண்டன்ஸ் தாளு மட்டும் தவறாம வந்துடும். மொத பெஞ்சுலேருந்து ஒவ்வொருத்தரா கையெழுத்துப் போட்டுப் பின்னாடி தள்ளி விடணும். நூத்தி நாப்பது பேரு கிளாஸு. தலைய எண்ணுனா அறுபது தேறாது, கையெழுத்த எண்ணுனா நூத்தி முப்பத்தெட்டு இருக்கும். இங்க எல்லாருக்கும் ஒரு கையெழுத்து சிநேகிதம் உண்டும்மா. இன்னிக்கு நீ எனக்குப் போடு, நாளைக்கு நான் உனக்குப் போடறேன். அடுத்தவளுக்குப் போடறப்ப எடது கையால போடணும், அப்பத்தான் எழுத்து வேற மாதிரி இருக்கும். யாரும் இதத் தப்புன்னு நெனைக்கறதே இல்ல. போட மாட்டேன்னு சொல்றவதான் இங்க கெட்டவ, திமிரு புடிச்சவ. மொத வருஷம் ஒருத்தி அப்படிச் சொன்னா. டெர்ம் முடியற வரைக்கும் அவகூட ஒருத்தரும் ஒக்காந்து சாப்பிடல.

போன வெள்ளிக்கெழம நடந்தத சொல்றேன். சாரு அட்டெண்டன்ஸ் கட்ட எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு நாளு கூட லீவு போடாதவங்க ரெண்டே பேருன்னு படிச்சாரு. மொத பேரு அமுகே. ரெண்டாவது நானு, நைகாகா. நான் மலேரியால நாலு நாளு இந்தக் கட்டில விட்டு எந்திரிக்கல. என்னோடத ஓகிரோர் போட்டிருக்கான். சரி, என் கத கெடக்கட்டும். அப்பறம் உங்க பொண்ணப் பத்தி சாரு சொல்றாரு, அந்தப் பொண்ணு ரொம்ப அடக்கம், முன் பெஞ்சுல தல நிமிராம உக்காந்திருக்கும், அத மாதிரி டீச்சருதான் நாட்டுக்கு வேணும்னு. வகுப்புல நல்லா நடந்துக்கறதுக்கு இருபதுக்குப் பதினெட்டு மார்க்கு. எனக்குப் பதினாலு.

ஐயோ, சிரிக்காதீங்கம்மா. பெருமப்படாதீங்க, தயவு செஞ்சு. கண்ணெல்லாம் எதுக்குத் தொடைக்கறீங்க? நான் அன்னிக்கு கிளாஸ்லேருந்து வெளில ஓடிப்போய் குழாயடியில வாந்தி எடுத்தேன். வண்டுனால இல்ல. பீன்ஸ் திங்கறதுக்கு முன்னாடிதான் நடந்துச்சு.

ஆமாம்மா, நீங்க ஆபீசுக்கு ரெண்டு வாட்டி போன் போட்டீங்கன்னு தெரியும். கிளார்க்கு என்னக் கூப்பிட்டே சொன்னாரு. அவ போன் போக மாட்டேங்குதாம், அம்மா கவலப்படறாங்க, ஒரு வார்த்த பேசச் சொல்லுன்னாரு. சரின்னு தலைய ஆட்டிட்டு வந்தேன். ஒழுங்கா வர்றா, ஒரு நாளு தவறலன்னு உங்ககிட்ட சொன்னாருல்ல? அவரு பொய் சொல்லல. தாளப் பாத்துச் சொன்னாரு, ஆளப் பாத்துச் சொல்லல. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதும்மா.

லைப்ரரியா? இல்லம்மா. எந்திரிக்காதீங்க, இத்தன தூரம் வந்த காலு. நான் போய்க் கூட்டிட்டு வர்ற தூரத்துல அவ இல்ல. திங்கக்கெழம பரீட்ச ஆரம்பிக்குது. அட்டையில இருக்கற போட்டோவையும் மூஞ்சியையும் ஒத்துப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. கையெழுத்துன்னா நான் போட்டுடுவேன். மூஞ்சிக்கு நான் எங்க போவேன்?

மூணாவது வாரம் ஒரு பொம்பள இங்க வந்தா. நல்ல துணி, நல்ல பேச்சு. அரபு தேசத்துல வீட்டு வேல, கம்பாலாவுல ரெண்டு வாரம் வச்சுப் பழக்குவோம், புடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்னா. அமுகே ராவெல்லாம் யோசிச்சா. இங்க உக்காந்து பழைய நோட்டுக்குப் புது நோட்டு எழுதறதுக்கு ஒருவாட்டி போய்த்தான் பாக்கறேனே, ரெண்டு வாரம் எனக்குப் போடுடின்னா. போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்னேன். உப்புக் கேட்டா எடுத்துக்கன்னு சொல்ற மாதிரிதாம்மா சொன்னேன், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

ஏழாவது வாரம் யாரோட போன்லேருந்தோ கூப்பிட்டா. ஏர்போர்ட்டுல நிக்கறேன், பாஸ்போர்ட்ட அவங்களே வாங்கி வச்சுக்கிட்டாங்க, பயமா இருக்குடின்னா. உடனே, அம்மாகிட்ட சொல்லாத, கையெழுத்த நிறுத்திடாதன்னுட்டு வச்சுட்டா. அன்னிலேருந்து அஞ்சு வாரமா அந்த நம்பர் போகவே இல்ல. தெனமும் போட்டுப் பாக்கறேன். கிளாஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும், ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கல. எப்படித் தொறப்பாங்க, எல்லாரும் யாருக்காவது போடறவங்கதானே. நானும் நிறுத்தல, நான் காய்ச்சல்ல கெடந்த நாலு நாளும் அவளோடதையும் ஓகிரோர்தான் போட்டான். இன்னிக்குக் காலைல கூட போட்டேன். இந்தக் காலேஜு, அந்த வாத்தியாரு, இந்த மெஸ்ஸு எல்லாத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்ல? எனக்கு என்னப் பாத்தாதாம்மா அருவருப்பா இருக்கு.

இல்லம்மா, போகாதீங்க, பிரின்சிபால்கிட்ட நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன். போலீசுக்கும் வர்றேன். என்ன வெளில தள்ளுனாலும் தள்ளட்டும். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், வேற யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேணாம். அஞ்சு நாளு சேந்தாப்புல ஒரு பொண்ணு தாள்ல கையெழுத்துப் போடலன்னா, ஆபீசுலேருந்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லணும். இந்தக் காலேஜுல ஒழுங்கா நடக்கறது அது ஒண்ணுதான். எதுத்த ரூம் பொண்ணு வராதப்ப போன் போட்டாங்க, மறுநாளே அவ அப்பா வந்து நின்னாரு. அமுகே போன அஞ்சாவது நாளு ஒரு வெள்ளிக்கெழம, அன்னிக்கும் அவளுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டு கைக்கு வரலன்னு அதுக்கு மேல மூணு வாரம் அவ கம்பாலாவுலதாம்மா இருந்தா, அன்னிக்குப் போன்ல சொன்னா. இங்கேருந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். உங்களுக்கு அந்தப் போன் வந்திருந்தா நீங்க போயிருப்பீங்க.