நீல மெழுகு

— கோலால தட்டாத அக்கா. தட்டத் தட்ட இன்னும் ஒட்டுது. ரெண்டு அடி எடுத்து வெச்சா திரும்ப அதே கட்டிதான்.

— பின்ன என்ன பண்ணச் சொல்ற, ஸ்டைனார்? பாதத்துக்குக் கீழ ஒரு சாண் உயரத்துக்குப் பனி அப்பியிருக்கு. ஸ்கீன்னா பனி மேல வழுக்கணும்டா. இது பொய்க்கால் கட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு.

— எனக்கு மட்டும் என்ன, றெக்கையா மொளச்சிருக்கு?

— சொல்றதக் கேளு. ஸ்கீயக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துடலாம்.

— நட. கொஞ்சம் முன்னாடி நடந்து பாத்தியே, இடுப்பு வரைக்கும் உள்ள போனியே. இழுத்து விட்டது யாரு?

— சரி, அத விடு. அம்மா எங்க? தெரியுதா?

— அந்த மேட்டு மேல. சிவப்புத் தொப்பி. நின்னு நம்மளத்தான் பாக்குறாங்க. கைய ஆட்டுறாங்க பாரு.

— அம்மா! நில்லு! அங்கயே நில்லு, வர்றோம்!

— போயிட்டாங்க.

— காதும் போச்சு போல. எத்தன தடவதான் கத்துறது?

— காத்து நம்ம பக்கமா அடிக்குது அக்கா. நம்ம சத்தம் அங்க போகாது.

— நீ ஒண்ணொண்ணுக்கும் ஒரு சாக்கு வெச்சிரு. உன் ஸ்கீயத் திருப்பு. ம், கையுறையக் கழட்டிட்டுத் தொட்டுப் பாரு.

— பிசுபிசுங்குது.

— பிசின். டியூப்ல வருமே, உருகி உறைஞ்ச பழைய பனிக்கு ஸ்கீ அடியில தடவுறது, புதுப் பனியில பட்டா கட்டியா ஒட்டும். ராத்திரி பூரா புதுப் பனி கொட்டியிருக்கு, பூஜ்யத்துக்குக் கீழ எட்டு டிகிரி. இந்தப் பனிக்கு நீல மெழுகுன்னு இந்த நாட்டுல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

— உனக்குத் தெரிஞ்சுதா? காலையில காலுல மாட்டுறப்ப திருப்பிப் பாத்தியா?

— அம்மா மெழுகு போட்டா அதுல பாக்க என்ன இருக்கு? ஏரிக்கரை வரைக்கும் பனிவண்டி ஓடின கெட்டிப் பாதை, அதனால ஒண்ணும் தெரியல. மேட்டுக்கு ஏறி புதுப் பனியில கால வெச்சதும்தானே மாட்டினோம்.

— எனக்கு நாப்பத்து மூணு, உனக்கு நாப்பத்தெட்டு. இன்னி வரைக்கும் நம்ம ரெண்டு பேரும் சொந்த ஸ்கீக்கு ஒரு தடவ மெழுகு தடவினதில்ல. அவங்க குளிர்ல குனிஞ்சு தேய்ப்பாங்க, நம்ம கார்ல காப்பி குடிப்போம். வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க. அவ்வளவுதான் கதை.

— சிரிக்கிற நேரமாடா இது? ஊர் ஸ்கீ சங்கத்துப் பசங்களுக்கு இருபது வருஷம் மெழுகு போட்டவங்க அம்மா. பனிய உள்ளங்கையில வெச்சு அழுத்திப் பாத்து, "நீலம், மேல லேசா ஊதா"ன்னு சொன்னா சொன்னதுதான். அந்தக் கை இன்னிக்குப் புதுப் பனிக்குப் பிசினத் தடவியிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குப் புரியுதா இல்லையா?

— புரியுது.

— புரிஞ்சுமா இப்படிச் சாவகாசமா நிக்கிற?

— நட அக்கா. நின்னா இன்னும் ஒட்டும்.

— பிப்ரவரியில என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? யார்கிட்டயும் சொல்லல. தனியா மேல வந்து, சூறைக்காத்துல ஒம்போது நாள் நம்ம மலைவீட்டுல உக்காந்திருந்தாங்க. போன் அணைஞ்சு கெடக்கு. நான் மீட்புக்குழுவுக்குச் சொல்லி, அவங்க பனிவண்டியில போய்க் கதவத் தட்டினா, அம்மா "காப்பி குடிக்கிறீங்களா"ன்னு கேட்டாங்களாம்.

— நல்ல காப்பியா இருந்துச்சாமே.

— ஸ்டைனார்.

— சரி சரி.

— எழுபத்தாறு வயசு. மெழுகு மறந்துபோச்சு. நாளைக்கு அடுப்ப மறப்பாங்க, வழிய மறப்பாங்க. வசந்தத்துல யாராவது போய்ப் பாக்குறப்ப... எனக்குச் சொல்லவே வாய் வரல. இன்னிக்கு மலைவீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சாவிய வாங்கிடணும். பேசி முடிச்சதுதானே? நீயும் சரின்னுதானே சொன்ன?

— சரின்னேன். ஆனா நீதான் கேக்கணும்.

— ஏன், நீ பிள்ளை இல்லையா?

— கழுத்துல கயித்துல போட்டுக் குளிக்கிறப்பக்கூடக் கழட்டாத சாவி அக்கா அது. அந்த மலைவீட்டு ஒவ்வொரு கட்டையையும் அப்பாவும் அம்மாவும் ஸ்கீயில இழுத்துட்டு வந்தது. அதக் குடுன்னு நான் கைய நீட்டணுமா? பெரிய வெள்ளி அன்னிக்கு?

— பெரிய வெள்ளி, பெரிய சனின்னு நாள் பாத்துட்டு இருந்தா அம்மா இருக்க மாட்டாங்க. மணி என்ன?

— ரெண்டரை.

— ரெண்டரையா! போன வருஷம் இந்த நேரத்துக்கு அடுப்பு மூட்டி சூப்பே குடிச்சிட்டோம்.

— போன வருஷம் மொத்த வழிக்கும் ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம்தான். மலைவீட்டு நோட்டுல நான்தானே எழுதினேன், "குடும்ப சாதனை"ன்னு கொட்டை எழுத்துல. இன்னிக்கு எழுத வேண்டியதப் பாத்தா நோட்ட ஒளிச்சுதான் வெக்கணும்.

— மேற்கப் பாரு.

— பாத்துட்டேன். நீ பயப்படுவன்னுதான் சொல்லல.

— மூடுபனிதானே அது?

— கீழ இறங்குது. இன்னும் பத்து நிமிஷத்துல நம்ம மேல இருக்கும். வேகமா நட.

— எப்படிடா வேகமா நடப்பேன், ஒவ்வொரு காலும் அஞ்சு கிலோ இருக்கு! சுரண்டுற தகடு, நீல மெழுகு, தேய்க்கிற கார்க்கு எல்லாம் அவங்க பையில. நம்ம கையில ஒரு பேனாக்கத்திதான். அம்மா! அம்மா, நில்லு!

— தொப்பி தெரியுதா?

— தெரியல. நீ பாரு, உனக்குக் கண்ணு நல்லாருக்கும்.

— இப்பதான் அந்தக் கறுப்புப் பாறை பக்கத்துல... இல்ல. மூடிடுச்சு.

— அம்மா! அம்மா!

— கத்திட்டு ஒரு நிமிஷம் சும்மா இரு, பதில் வருதான்னு கேப்போம்.

— வருதா?

— காத்துதான்.

— போன எடு.

— சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. ஏரி தாண்டினதுலேர்ந்தே இல்ல.

— நான் திரும்பிப் போய் ஆளக் கூட்டிட்டு வர்றேன், நீ முன்னாடி போ.

— பிரியக் கூடாது அக்கா. மூடுபனியில பிரியிறது மாதிரி மடத்தனம் வேற இல்ல, அம்மாவே சொல்லியிருக்காங்க. குச்சியப் பாரு, பாதைக் குச்சி. ஒண்ண விட்டா அடுத்தது தெரியும். குச்சி குச்சியாப் போவோம். இது ஒண்ணு.

— அவங்க குச்சியப் பாத்துப் போவாங்களா? புத்தி தடுமாறினவங்க எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்? வலப்பக்கம் பூராச் சரிவு, ஸ்டைனார். நேரா ஓடைக்குப் போகும்.

— இது ரெண்டு. தடம் இருக்கு பாரு, குச்சியோட ஒட்டித்தான் போயிருக்காங்க.

— தடம் அழிஞ்சுக்கிட்டே வருது.

— இருக்கிற வரைக்கும் பாப்போம்.

— என் தப்புடா. காலையில ஒரு தடவ திருப்பிப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அம்மாவுக்கு முடியலன்னு அங்கயே திரும்பியிருக்கலாம். ஒரு தடவ திருப்பிப் பாக்கல நான். அம்மா! நில்லு அம்மா! கெஞ்சுறேன், எங்க இருந்தாலும் அங்கயே நில்லு!

— அழாத அக்கா. கண்ணிமை உறைஞ்சிடும்.

— அம்மா!

— பாறைக்கு இந்தப் பக்கம் வாங்க. காத்து அடிக்காது.

— அக்கா, அம்மா! அம்மா குரல்!

— மெதுவா, ஸ்டைனார். அங்க பனி வெறும் கூரைதான், கால வெச்சா உடையும். இங்குன், நீ அவன் தடத்துலயே வா. உக்காரு. மான்தோல் விரிச்சிருக்கேன். ஆரஞ்சு உரிச்சு வெச்சாச்சு, சாக்லேட்டும் இருக்கு.

— உனக்கு ஒண்ணும் இல்லையே? கையக் காட்டு. கால் மரத்துப்போகலையே? இன்னிக்கு என்ன கிழமை சொல்லு.

— பெரிய வெள்ளி. என்னடி ஆச்சு உனக்கு? மூக்கெல்லாம் செவந்துருக்கு.

— மூடுபனியில தனியாப் போனியே அம்மா! சரிவுல போயிட்டியோன்னு நெனச்சோம்!

— எங்க போனேன்? ஒவ்வொரு குச்சிகிட்டயும் நடையக் கொறைச்சு, உங்க சத்தம் நெருங்கினப்புறம்தான் அடுத்த குச்சிக்குப் போனேன். மூடுபனி வந்ததுலேர்ந்து அம்பது அடி தாண்டல. போகட்டும். ஆரஞ்ச எடுத்துக்கோ.

— எனக்கு ஆரஞ்சு வேண்டாம். மலைவீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன், இனிமே தாங்காது, இங்கயே சொல்லிடுறேன். அம்மா, உன்ன இனிமே தனியா இங்க விட முடியாது. பிப்ரவரியில ஒம்போது நாள் எனக்குத் தூக்கம் இல்ல. இன்னிக்கு எங்க ஸ்கீக்கு என்ன போட்டிருக்கன்னு உனக்கே தெரியல. அந்தச் சாவி... அந்தச் சாவிய எங்கிட்டக் குடுத்துடு அம்மா.

— ஸ்டைனார், நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?

— நான்... ஆமா. பயமா இருக்கும்மா.

— சரி. இந்தா.

— என்ன, உடனே கழட்டிக் குடுத்துட்ட?

— கேட்டீங்க, குடுத்தேன். பிப்ரவரியில வர்றப்ப உனக்கு மூணு தடவ போன் பண்ணேன், கூட வர்றியான்னு கேக்க. அப்புறம் பேசுறேன்னு மூணு தடவ வெச்சுட்ட. போகட்டும். வேலை இருந்திருக்கும்.

— அக்கா.

— இரு, பேசிக்கிட்டு இருக்கோம்ல?

— அக்கா, இங்க வந்து இதப் பாரு.

— அம்மா ஸ்கீய எதுக்குடா திருப்புற?

— ஒரு பொட்டுப் பனி ஒட்டல. கண்ணாடி மாதிரி இருக்கு. நீலம். மேல லேசா ஊதா.

— அம்மா?

— என்ன?

— உன் ஸ்கீக்கு நீலம் போட்டிருக்க.

— எட்டு டிகிரி குளிரு, புதுப் பனி. வேற என்ன போடுவாங்க?

— அப்போ தெரிஞ்சேதான் எங்களுக்குப் பிசினப் போட்டியா?

— மெழுகுல நான் தப்பு பண்ணுவேனா, இங்குன்?

— ஏம்மா?

— போன வருஷம் இதே பாறைகிட்ட எனக்கு மூச்சு வாங்குச்சு. நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளியா அந்த மேட்டத் தாண்டிப் போயிட்டீங்க. கோல உயர்த்திக் காட்டினேன். பின்னாடி ஒருத்தி வர்றான்னு ரெண்டு பேருல ஒருத்தர் தலையத் திருப்பல. நான் வந்து கதவத் திறந்தப்போ சூப்பு காலி. ஸ்டைனார் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தான், ரெண்டு மணி நாப்பது நிமிஷம், குடும்ப சாதனைன்னு. குடும்பத்துல என்னக் கணக்குல சேக்கலப்பா நீ. எனக்கு நாலேகால் மணி நேரம் ஆச்சு.

— நீ ஒண்ணும் சொல்லலையேம்மா. மான் தடம் பாத்துக்கிட்டு வந்தேன்னு சொன்ன.

— வேற என்ன சொல்றது, எனக்கு முடியல, நில்லுங்கன்னா? சொன்னா, இனிமே நீ வர வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. உங்களோட வேகத்துக்கு என்னால வர முடியாது. உங்க வேகத்தக் கொறைக்க எனக்குத் தெரிஞ்சது மெழுகு ஒண்ணுதான்.

— அம்மா, இந்தா, சாவியப் பிடி.

— உங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ எனக்கும் சேத்துத் திறந்து வெப்ப.

— அது சரி, நான் நில்லு நில்லுன்னு கத்தினப்பவாவது நின்னிருக்கலாம்ல? தொண்டை கிழிஞ்சு போச்சு. பதினஞ்சு தடவயாவது கூப்பிட்டிருப்பேன். உனக்குக் காது கேக்கலன்னு நெனச்சு நான் பட்ட பாடு...

— பத்தொம்போது தடவ. எல்லாம் கேட்டுச்சு. நின்னுட்டா திரும்பக் கூப்பிட மாட்டீங்கன்னுதான் நடந்துக்கிட்டே இருந்தேன்.