கரி வடிகட்டியும் பி பிளாக்கும்

காபிக்குத் தண்ணீர்தான் முக்கியம், இன்ஸ்பெக்டர் சார். பொடியெல்லாம் அப்புறம். நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைத்ததில்லை.

எங்கள் வளாகத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு விடுகிறோம். கிருமி, நாற்றம் எல்லாம் போய்விடும். ஒட்டாத தோசைக்கல், மழைக்கோட்டு இவற்றிலிருந்து வருகிற சில ரசாயனங்கள் மட்டும் போகாது. வந்தால் கிளம்பாத மைத்துனன் மாதிரி, உடம்புக்குள் போனாலும் அங்கேயே தங்கிவிடும். அவற்றைப் பிடிக்கத்தான் நாயாய் அலைந்து கரி வடிகட்டி போட்டேன். சங்கத் தலைவர் ஸ்ரீரங்கனோ, "செம்பருத்திக்கு எதுக்கு ஓய் இத்தனை உபசாரம்? பொதுக்குழுவுல சொல்லி எடுத்துடலாம்" என்றார். பெற்ற பிள்ளையைப் போல நான் பார்த்துக்கொண்ட வடிகட்டி அது.

குடித்துப் பார்த்தால்தானே அருமை தெரியும்? அந்தத் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டேன்.

சுத்திகரிப்பு எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டில்லிபாபு பதறினான். "இன்னா சார், வால்வ மாத்தித் தொறந்து வுட்டுக்கீறீங்க? இது கக்கூஸ் தண்ணி சார்."

"'கக்கூஸ் தண்ணியா இருந்தது'ன்னு சொல்லு" என்று திருத்தினேன்.

மறுநாள் லிஃப்டில் நீரஜா மாமி, "காபி அமிர்தமா இருக்கு. வீராணம் தண்ணி வந்துடுத்தா?" என்று கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் மாமி பி பிளாக். அவர் பாராட்டைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏனென்றால், ஒப்பிடாமல் எதையும் நிரூபிக்க முடியாது, சார். ஒரு பிளாக்குக்குக் கரியில் வடித்த தண்ணீர் போனால், இன்னொன்றுக்கு வடிக்காதது போகத்தான் வேண்டும். இரண்டும் பளிங்கு மாதிரி இருக்கும். ரத்தத்தைச் சோதித்தால்தான் வித்தியாசம். அதற்காகவே இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தேன். ஸ்ரீரங்கன்தான் நாடா வெட்டினார். அவரும் பி பிளாக்.

டில்லிபாபு அவசரப்பட்டு உங்களிடம் வந்துவிட்டான். பொங்கல் வரை பொறுத்திருந்தால் முடிவே கைக்கு வந்திருக்கும்.

ஸ்ரீரங்கனைப் பழிவாங்கினேன் என்கிறார்கள். அபாண்டம். எந்த பிளாக்குக்கு எந்தத் தண்ணீர் என்று பிள்ளையார் முன்னால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தேன். வடிக்காத தண்ணீர் முதலில் நான் குடியிருக்கும் ஏ பிளாக்குக்குத்தான் விழுந்தது. சீட்டு சரியாகக் குலுங்கவில்லை என்று பட்டது; மறுபடி குலுக்கினேன்.