கம்பெனிக்கு ஒரு கருணை மனு

— என்ஜின் செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க மேடம். அந்த வார்த்தையே எங்க சர்வீஸ் சென்டர்ல கிடையாது.

— வேற எப்படிச் சொல்றது மேனேஜர் தம்பி? புகை கக்கிட்டு நடுரோட்டுல நின்னுடுச்சு. உங்க ஆளுங்கதான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. தூங்குதுன்னு சொல்லவா?

— "இயக்கத்தில் சிறு தடை"ன்னு சொல்லலாம். எப்படியும் வாரண்டி திங்கட்கிழமையே முடிஞ்சிடுச்சு. வண்டி நின்னது புதன்கிழமை.

— பாவம், என்ஜினுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியல. வாரண்டி இருக்கும்போதே மூணு தடவை வந்தேனே, கடகடன்னு சத்தம் வருதுன்னு! என்ன சொன்னீங்க?

— சாதாரண சத்தம்தான்னு சொன்னோம்.

— கூடவே, உங்க காதைக் காட்டுங்கன்னும் சொன்னீங்க. காட்டினேன். அம்பத்தெட்டு வருஷம் ஓடின காது, புதுசு மாதிரி இருக்குன்னுட்டார் டாக்டர். உங்க என்ஜின் மூணு வருஷம் தாங்கல.

— கோபப்படாதீங்க மேடம், ஒரு வழி இருக்கு. நல்லெண்ண உதவி கேட்டு கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. மனசு வச்சா என்ஜினையே இலவசமா மாத்தித் தருவாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.

— வாரத்துக்கு மூணு நாள் என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டி வாங்கினதே அதுக்குத்தான். நேத்து பஸ்ல கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டே வந்தார் மனுஷன். அதை எழுதட்டுமா?

— ஐயையோ, வேண்டாம். கம்பெனி மனசு கஷ்டப்படும். "தங்கள் அருமையான வாகனத்தால் பெருமை அடைந்தோம்"னு ஆரம்பிங்க.

— அடைந்தோம். பெருமையை மட்டும்தான் அடைஞ்சோம், ஆஸ்பத்திரியை அடையல.

— அப்புறம், "குறை"ன்னு எங்கேயும் வரக்கூடாது. "அனுபவம்"னு போடுங்க. அடடா, எழுத்து முத்து முத்தா இருக்கே மேடம்!

— முப்பது வருஷமா பத்திரம் எழுதற கை தம்பி. சரி, முடிஞ்சுது. எந்த விலாசத்துக்கு அனுப்பணும்?

— என்கிட்டயே கொடுங்க. கம்பெனிக்கு அனுப்பினாலும் உறையைக்கூடப் பிரிக்காம எனக்குத்தான் திருப்பி விடுவாங்க. இந்த விஷயத்துல முடிவெடுக்கற அதிகாரம் முழுக்க என்னுதுதான். நான் சீல் அடிச்சா அது கம்பெனி அடிச்ச மாதிரி.

— அப்போ அந்த நல்லெண்ணம் இந்த மேஜைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கா? நல்லா இருக்கு தம்பி. என்ன பதில் வரும்?

— "வருந்துகிறோம்"னு வரும்.

— எப்போ?

— பதினஞ்சு நாள் ஆகும். டைப் அடிக்கற பொண்ணு லீவு.

— வருத்தப்படறதுக்குமா பதினஞ்சு நாள்? லெட்டர்பேடைக் கொடுங்க, நானே எழுதிடறேன். உங்களுக்கும் வேலை மிச்சம், எனக்கும் நடை மிச்சம்.

— எல்லாக் கஸ்டமரும் உங்களை மாதிரி இருந்துட்டா எவ்வளவு நிம்மதி! எழுதுங்க. "தங்கள் கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்தோம்."

— கனிவுடன்... ம். மேல சொல்லுங்க.

— "விதிகள் இடம் தராததால் மிகவும் வருந்துகிறோம்." அவ்வளவுதான். கொடுங்க, கையெழுத்து போட்டுடறேன்.

— ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க தம்பி.

— நான் சொன்னதை நானே படிக்கணுமா? வருஷக்கணக்கா இதே பதில்தான் மேடம், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இதோ கையெழுத்து, இதோ சீல். பிடிங்க.

— பத்திரத்துல கையெழுத்து போட வர்ற எல்லார்கிட்டயும் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன், படிச்சுட்டுப் போடுங்கன்னு. ஒருத்தரும் கேக்கறதில்ல.

— ஏன் மேடம், என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல, "புது என்ஜினை இலவசமாக மாற்றித் தருகிறோம்"னு கம்பெனி சார்பா சீல் அடிச்சுக் கொடுத்திருக்கீங்க. சீக்கிரம் மாட்டிடுங்க, செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரி.